மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியது யார்

என் மருமகள் இந்த வீட்டை விட்டுப் போனதற்குக் காரணம் நான். மிளகாய்ச் செடிகள்தான் காரணம் என்று என் மனைவி சொல்கிறாள், தெருவிலும் அப்படித்தான் பேச்சு. மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு நோட்டை எடுத்து வந்து பத்து நிமிடம் வாசித்தேன். அதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை எழுத வேண்டுமானால் தோட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் வீடு அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது. பின்பக்கம் மூன்று சென்ட் செம்மண். நான் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவன். தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து அளவை எழுதுவது என் வேலைகளில் ஒன்று. மழை பெய்யாத நாளிலும் பூஜ்யம் என்று எழுத வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு எழுதுவதற்கு மழைமானி இல்லை. ஆனால் காலை எட்டரைக்குக் கை எதையாவது எழுதத் தேடியது. கோடு போட்ட நீள நோட்டு ஒன்றை வாங்கித் தோட்டத்துக்கென்று வைத்துக்கொண்டேன்.

நோட்டில் நான்கு கட்டங்கள். தேதி, மழை, தண்ணீர், குறிப்பு. தேதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவேன். குறிப்பில் விதை போட்டது, நாற்று நட்டது, முதல் பூ, முதல் காய், புழு. தண்ணீர்க் கட்டத்தில் யார் ஊற்றினார் என்பதை எழுதுவேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. மருமகள் வந்த முதல் வருடம், விடியற்காலையில் அவள் ஊற்றியது தெரியாமல் நானும் எழுந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். தக்காளிச் செடிகள் வேர் அழுகி, பச்சை மாறாமலே தலை தொங்கிச் செத்தன. அதற்குப் பிறகு ஊற்றியவர் யாரென்று எழுதிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். நான் ஊற்றினால் ‘நா’, மருமகள் ஊற்றினால் ‘ம’. மழை பெய்த நாளில் ஒரு கோடு.

எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் மண்மேல் வெள்ளை படிந்து, செடி குறுகிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரை நீல டிரம்மில் பிடித்து வைத்து, செடிக்கு ஒரு செம்பு என்று ஊற்றுவோம். அதைப் பொறுமையாகச் செய்ய என் மருமகளைப் போல ஆள் கிடையாது. அவள் பென்னாகரம் பக்கத்துப் பெண். தருமபுரியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். என் மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை போய்விடுவான். ஆகவே வார நாட்களில் வீட்டில் மூன்று பேர். என் மனைவி, மருமகள், நான்.

காலையில் பள்ளிக்கூட வண்டி வருவதற்கு முன் மருமகள் தோட்டத்துக்குப் போய்விட்டு வருவாள். நான் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன்.

“மாமா, தக்காளில இன்னைக்கு எத்தன பூ?”

“நாப்பத்தி ஒண்ணு.”

“நா நாப்பத்தி மூணு எண்ணினன். வேலியோரம் இருக்கற செடிய விட்டுட்டீங்க. ரெண்டு மார்க் போச்சு உங்களுக்கு.”

நான் எழுந்து போய் மறுபடி எண்ணுவேன். அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

மாதத்தில் மூன்று நாள் அவள் தோட்டத்துக்குப் போக மாட்டாள். அது என் மனைவி வைத்த சட்டம். மருமகள் வந்த முதல் மாதமே, நான் காதில் வாங்காதவனைப் போலப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்.

“தூரமா இருக்கறப்ப எங்க வேணாலும் போ, வா. இந்தக் காலத்துல நா ஒண்ணும் சொல்ல மாட்டன். சாமி ரூமுக்குப் போகாத, மிளகாச் செடி பக்கம் போகாத. நெழல் பட்டாவே சுருண்டுக்கும் கண்ணு.”

“சரிங்க அத்தை.”

என் மனைவிக்கு அது வெறும் பேச்சல்ல. அவள் வயதுக்கு வந்த வருடம், அவர்கள் வீட்டு மிளகாய்க் காடு முழுக்கச் சுருண்டுபோனது. தெரியாமல் இவள் காட்டுக்குள் போய்விட்டாள் என்று சொல்லி, அவளுடைய அப்பா சாட்டைக்குச்சியை எடுத்திருக்கிறார். அந்த அடி இன்னும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அடித்தது தப்பென்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தான் காட்டுக்குள் போனதுதான் தப்பு என்பாள்.

அந்த மூன்று நாளில் மருமகள் என்னிடம், “மாமா, இன்னைக்கு நீங்க ஊத்திருங்க” என்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பது எந்த மாமனாருக்கும் தெரியும். போய் ஊற்றிவிட்டு ‘நா’ என்று எழுதுவேன். மாதம் மூன்று ‘நா’. ஏதோ கட்டம் நிரம்பினால் சரி என்ற நினைப்பு.

இரண்டு வருடம் போயிற்று. குழந்தை இல்லை. என் மனைவி நேராக எதையும் கேட்கவில்லை. சுற்றி வளைத்துத்தான் பேசுவாள். எங்கள் தெருவிலேயே ஒரு பெண்ணுக்கு மூன்று முறை கருக் கலைந்துவிட்டது. ஒருநாள் ரசத்துக்குத் தக்காளி நறுக்கிக்கொண்டே என் மனைவி அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசினாள்.

“அது தங்காத வவுறு. அந்த மாமியார்க்காரி பாவம், பையனுக்கு வேற எடம் பாக்கறதா கேள்வி. தப்புன்னு சொல்ல முடியுமா?”

மருமகள் மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். பொத்தானை அழுத்திப் பிடித்தபடி அரைத்துக்கொண்டே இருந்தாள். தேங்காயிலிருந்து எண்ணெய் பிரிகிற வரைக்கும் அரைத்தாள்.

அந்த வருடம் ஆடிப் பதினெட்டில் மிளகாய் விதை போட்டோம். நாற்று முளைத்து இரண்டிலை விடுகிற சமயத்தில், சேலத்தில் இருக்கும் எங்கள் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. இரண்டாவது பிள்ளை. மூத்ததைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த முடியாது என்பதால் அவள் இங்கே வரவில்லை, என் மனைவிதான் அங்கே போனாள். ஆடிக் கடைசியில் போனவள் தீபாவளிக்கு முந்தின நாள்தான் திரும்பினாள். அந்த மாதங்களில் வீட்டில் நானும் மருமகளும் மட்டும். சமையலைப் பங்கு போட்டுக்கொண்டோம். அவள் சோறும் குழம்பும், நான் ரசமும் காபியும். ஆவணிக் கடைசியில் இருபத்து மூன்று மிளகாய் நாற்றையும் பதினெட்டுத் தக்காளி நாற்றையும் எடுத்து நட்டோம். தினமும் அவள்தான் தண்ணீர் ஊற்றினாள்.

அந்த நாட்களின் குறிப்புக் கட்டத்தை இப்போது படிக்கும்போது எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. ஆவணியில் ஒருநாள்: “தக்காளி இலை வாசம் ம.வுக்கு ஒத்துக்கவில்லை. மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு ஊற்றினாள்.” புரட்டாசியில்: “பழைய செடியில் மிச்சம் இருந்த காய் நான்கு. ம. பச்சையாகவே உப்புத் தொட்டுத் தின்றாள்.” எந்தப் பெண் படித்தாலும் முதல் வரியிலேயே புரிந்துவிடும். நான் மாவட்ட நூலகத்தில் பயணக் கதையும் நாட்குறிப்புமாகத் தேடித் தேடிப் படித்தவன். எழுதியவர் எதை மறைக்கிறார், எதை விடுகிறார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்து நூலகரிடம் திட்டு வாங்கியவன். என் கையெழுத்தில் என் வீட்டைப் பற்றி எழுதியிருந்தது எனக்குப் புரியவில்லை.

ஐப்பசி ஏழாம் தேதி. மகன் அந்த வாரம் வந்திருந்தான். விடிந்ததும் மருமகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தருமபுரிக்குப் போனான். மறுநாள் சாயந்தரம் கூட்டி வந்தான்.

“வைரஸ் காய்ச்சல்ப்பா. ஊர் பூரா இருக்குது. படுத்திருந்தா சரியாயிடும்னாங்க. அம்மாகிட்ட சொல்ல வேணாம், அங்க பச்சக் கொழந்த இருக்குது, பயந்துக்கும்.”

அப்படியே சொல்லாமல் இருந்தேன். மகன் நான்கு நாள் விடுப்புப் போட்டுக்கொண்டு இருந்தான். அவனும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன், சாலைக்குப் போய் இளநீர் வாங்கி வந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஒருநாள் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பும்போது கேட்டாள்.

“மாமா, செடிக்கு ஊத்தினீங்களா?”

“ஊத்தினன் கண்ணு. மிளகாயில மொதப் பூ வந்திருச்சு. வேலியோரத்துச் செடி.”

அதைக் கேட்டு அழுதாள். காய்ச்சலில் வரும் அசதி என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். நோட்டில், “மிளகாய் முதல் பூ. ம. காய்ச்சல்” என்று எழுதினேன். ஐப்பசி ஏழிலிருந்து பதினைந்து வரைக்கும் ஒன்பது ‘நா’. பதினாறாம் தேதி அவளே செம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

கார்த்திகையில் மழை நின்றது. பத்து நாள் வெயிலில் மிளகாய்க் கொழுந்து சுருள ஆரம்பித்தது. இலை ஓரம் மேல்பக்கமாக மடங்கி, படகு போல ஆயிற்று. பூ நிற்கவில்லை, பிடித்த ஒன்றிரண்டு காயும் கோணிக்கொண்டு வடுவோடு வந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். இலையின் அடியில் ஊசிமுனை அளவுக்கு மஞ்சளாக ஊர்ந்துகொண்டிருந்தது. இலைப்பேன். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி அடித்தேன். புளித்த மோர் அடித்தேன். நீல அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் குச்சியில் கட்டினேன். தக்காளிக்கு ஒன்றுமில்லை, அது பாட்டுக்குக் காய்த்தது. மிளகாய் இருபத்து மூன்றும் போயிற்று.

என் மனைவி செடியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், உள்ளே போனாள். இரண்டு நாள் கழித்து என்னிடம் ஆரம்பித்தாள்.

“நா வூட்டுல இல்லாதப்ப அவ தூரத்தோட போயிருக்கா.”

“இலைப்பேன். லென்ஸ் தரன், நீயே பாரு.”

“பேனு எதுக்கு வருது? சும்மா வருமா?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவள் நின்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் சொன்னாள். பால்காரரிடம் சொன்னாள். மருமகள் காதுபடவும் சொன்னாள். மருமகள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: “இல்லீங்க அத்தை, நா போகலீங்க.” அது பொய்யல்ல என்று எனக்குத் தெரியும். மாதம் மூன்று ‘நா’ இருக்கிறதே என்று நினைத்தேன். மனைவி ஊருக்குப் போன பிறகு வந்த மாதங்களை நான் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே நிச்சயமாக இருந்தேன்.

மார்கழியில் அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகளின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பொங்கலுக்கு மகளை அனுப்பி வைக்கச் சொல்லிக் கேட்க வந்தது. காட்டு அவரைக்காயும், ஒரு டப்பா அதிரசமும் கொண்டு வந்திருந்தார்கள். மகனும் இருந்தான். ஆண்கள் மூவரும் சம்பந்தியம்மாவும் சாப்பிட உட்கார்ந்தோம். மருமகளும் என் மனைவியும் பரிமாறினார்கள். சம்பந்தி வெள்ளந்தியான மனிதர். பேச்சு ஓடட்டுமே என்று என்னிடம் கேட்டார்.

“மிளகா கடையில வாங்கறதே இல்லன்னு சொல்லுவீங்களே, இந்த வருசம் காய்ப்பு எப்படிங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

“எங்கத்த காய்ப்பு? உங்க பொண்ணக் கேளுங்க. நா மவ வூட்டுக்குப் போன நேரத்துல, தூரம் கீரம் ஒண்ணும் பாக்காம உள்ள பூந்துருக்கா. இருவத்தி மூணு செடி. ஒரு காயி வாயில வைக்கல.”

சம்பந்தியம்மாவின் முகம் சுருங்கிப் போயிற்று. “அப்பிடியெல்லாம் பண்ற புள்ள இல்லீங்களே” என்றார்.

“புள்ளைய நாந்தான பாக்கறன்?”

மருமகள் ரசக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெற்றவர்கள் முன்னால் ஒரு பெண்ணை இப்படிப் பேசலாமா என்று எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு, ஒப்புக்கொள்கிறேன், ஒரு சந்தோஷமும் வந்தது. நிரூபிக்க என்னிடம் எழுத்து இருக்கிறது. இத்தனை வருடமாக இந்த நோட்டைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அது எதற்கு ஆகும் என்று இன்றைக்குத் தெரியட்டும். கை கழுவிக்கொண்டு போய் எடுத்து வந்தேன்.

“ஏங்க, சோத்துல இருந்து எந்திரிச்சா போவீங்க?” என்றாள் மனைவி.

“நீ கேளு. சம்பந்தி, நீங்களும் கேளுங்க. யாரு எப்ப தண்ணி ஊத்தினாங்கன்னு ஒருநாள் விடாம இருக்குது. வைகாசி. இருவத்தி ஒண்ணு, இருவத்தி ரெண்டு, இருவத்தி மூணு, நான். மத்த நாள் எல்லாம் மருமக. ஆனி. பதினெட்டு, பத்தொம்பது, இருவது, நான். ஆடி. பதினஞ்சு, பதினாறு, பதினேழு, நான்.”

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சம்பந்தி தலையாட்டினார். என் குரல் ஏறியது. பக்கத்தைத் திருப்பினேன்.

“ஆவணி. மாசம் பூரா மருமக. ஒருநாள்கூட விடல.”

இதைப் பாராட்டாகத்தான் படித்தேன். எத்தனை ஒழுங்காக ஊற்றியிருக்கிறாள் பாருங்கள் என்ற தொனியில். சம்பந்தியம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. மருமகள், “மாமா, போதுங்க மாமா” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

“புரட்டாசி. மழை நாள் போக, எல்லா நாளும் மருமக. ஐப்பசி. ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் மருமக. ஏழுல இருந்து பதினஞ்சு வரைக்கும் நான். காய்ச்சல்.”

நிறுத்தினேன். சம்பந்தியம்மாவின் கட்டைவிரல் மற்ற விரல்களின் ரேகைகளில் ஒவ்வொன்றாக நகர்ந்து நின்றதைப் பார்த்தேன். பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தார். மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. என் மகன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் மனைவிக்கும் கணக்கு வரும். ஆனால் அவள் வேறொரு கணக்கில் இருந்தாள்.

“ஆவணி பூரா இவதான். பொரட்டாசி பூரா இவதான். அப்ப ரெண்டு மாசமும் தூரத்தோடதான போயிருக்கா? நா சொன்னா பேனுங்கறீங்க. உங்க நோட்டே சொல்லுது பாருங்க!”

அப்போது மருமகளுக்கு இரண்டு பதில்தான் இருந்தது. ஒன்று, அந்த இரண்டு மாதமும் தனக்குத் தூரமே வரவில்லை என்பது. அதைச் சொன்னால் அந்த ஒன்பது நாளும் என்னவென்று சொல்ல வேண்டும். மூன்று மாதம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் வைத்திருந்ததும், மூன்று மாதம் முடியாமலே போனதும் வெளியே வரும். வந்தால் எங்கள் தெருவில் அதற்கு என்ன பேர் வைப்பார்கள் என்று தக்காளி நறுக்கும்போதே அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

மற்றதைச் சொன்னாள்.

“ஆமாங்க அத்தை. நீங்க இல்லாதப்ப நா பாக்கலீங்க. தூரத்துலயும் நாந்தான் ஊத்தினன். தப்புதாங்க.”

“பாத்தீங்களா?” என்றாள் என் மனைவி, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து.

சம்பந்தியம்மா எழுந்தார். இலையை மடித்தார். “எங்க மேலதான் தப்புங்க. சரியாச் சொல்லி வளக்கல” என்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை. மகள் சொன்ன பொய்யை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டார். சம்பந்தி மட்டும் ஒன்றும் புரியாமல், “செடிதானுங்களே, வேற நாத்து கொண்டாந்து தரன்” என்றார்.

நான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் மனைவி சொல்வது தப்பு என்று எனக்குத் தெரியும், மருமகள் ஒத்துக்கொண்டது பொய் என்று தெரியும். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று வெளியே வரும். வாயை மூடிக்கொண்டேன்.

செடியைப் பிடுங்கிவிட வேண்டும் என்றாள் மனைவி, தோஷம் தக்காளிக்கும் ஏறுமாம். மருமகளே போய்ப் பிடுங்கினாள். சம்பந்தியம்மா கூடப் போனார். வேரில் ஒட்டியிருந்த மண்ணை ஒவ்வொரு செடியாகத் தட்டி உதறி, வரப்பில் அடுக்கினார்கள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கடைசிச் செடியை உதறும்போது சம்பந்தியம்மா மகளின் முதுகில் கையை வைத்தார். அப்படியே இரண்டு பேரும் கொஞ்ச நேரம் குனிந்தபடி நின்றார்கள்.

“பொங்கலுக்கு அனுப்பறதுக்குப் பதிலா இப்பவே கூட்டிட்டுப் போறங்க” என்று கேட்டார்கள். மனைவி சரி என்றாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலை நிறுத்தம் வரைக்கும் போனேன். மருமகள் அப்பாவோடு முன்னால் நடந்தாள். சம்பந்தியம்மா என்னோடு பின்தங்கினார்.

“அண்ணா, நீங்க நல்லதுக்குத்தான் படிச்சீங்க. எனக்குத் தெரியுங்க. இனிமேட்டு யாராச்சும் கேட்டா அந்த நோட்டு தொலஞ்சு போச்சுன்னு சொல்லிருங்க.”

“சரிம்மா” என்றேன்.

பொங்கல் முடிந்தது. அவள் வரவில்லை. தை கடைசியில் மகன் போனில், ஓசூரில் வீடு பார்த்துவிட்டதாகவும் அவளை அங்கேயே கூட்டிக்கொண்டதாகவும் சொன்னான். எனக்கு அப்போதுதான் வாய் வந்தது.

“அன்னைக்கு நீயாச்சும் ஏன்டா வாயத் தொறக்கல?”

“நீங்க தொறந்தது பத்தாதாப்பா?”

அடுத்த வருடமும் ஆடியில் விதை போட்டேன். மிளகாய் மறுபடி கார்த்திகையில் சுருண்டது. இந்த முறை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என் மனைவிக்கு அதெல்லாம் நின்று பல வருடம் ஆகிறது. யார் மேல் பழி போடுவாள் என்று பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “போன வருசத்துத் தோஷம் மண்ணுலயே எறங்கிருச்சு” என்றாள். இலைப்பேன் என்றேன். “உங்களுக்கு என்னா தெரியும்?” என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். சொன்னால் அவள் அழுவாள். பிள்ளை பெற்றவள்தானே, நிஜமாகவே அழுவாள். இரண்டு நாள் ஓசூருக்குப் போன் செய்து பாசமாகப் பேசுவாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லுவாள். அதற்கு மேல் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டியதில்லை. என் மருமகள் பழியைச் சுமந்துகொண்டு காப்பாற்றியதை நான் இன்னொரு முறை போட்டு உடைக்க முடியாது. ஆகவே ஊரில் அவள் இன்னும் மிளகாய்ச் செடியைக் கெடுத்தவள்.

போன தை மாதம் நான் மட்டும் ஓசூர் போனேன். ஒரு பை நிறையத் தக்காளி கொண்டு போனேன். இரண்டாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. மகன் ஷிப்டுக்குப் போயிருந்தான். அவள் இப்போது வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாள். சுவரில் கரும்பலகை, தரையில் சுருட்டி வைத்த பாய்கள். பால்கனியில் ஒரு தொட்டிகூட இல்லை. காபி கொடுத்தாள். கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அத்தையைக் கேட்டாள். தக்காளியைத் தட்டில் கொட்டி, பழுத்ததையும் செங்காயையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

“மாமா, ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளு கண்ணு.”

“அன்னைக்குப் படிக்க ஆரம்பிக்கறப்ப உங்களுக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியும். படிக்கப் படிக்கத் தெரிஞ்சுதுங்களா, இல்ல படிச்சு முடிச்சப்புறமா?”

படித்து முடித்த பிறகு என்று சொல்லியிருக்கலாம். அவளும் அதை ஏற்றுக்கொண்டிருப்பாள். இத்தனை காலம் நானே எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“பொரட்டாசி படிக்கறப்ப தெரிஞ்சுது” என்றேன்.

“ஐப்பசி அதுக்கப்புறந்தானுங்களே.”

“ஆமா.”

அவள் ஒரு தக்காளியைக் கையில் வைத்து உருட்டினாள். “ஐப்பசிய விட்டிருந்தீங்கன்னா எங்கம்மாவுக்குக் கலஞ்சது தெரிஞ்சிருக்காதுங்க மாமா. அவங்க இன்னும் தூங்கறதில்ல.”

அவள் ‘போதுங்க’ என்று சொன்னதும் எனக்குக் கேட்டது. புரட்டாசியில் நாக்கு ஒரு கணம் தடுமாறியதும் நினைவிருக்கிறது. ஆனாலும் ஒரு பக்கத்தில் பாதி படித்துவிட்டு மீதியை விட எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருட வேலையில் ஒரு பதிவேட்டையும் நான் பாதியில் மூடியதில்லை. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஆறிப்போன காபியைக் குடித்து முடித்தேன்.

அவள் பையை உதறி மடித்து என்னிடம் கொடுத்தாள். நாலரைக்குத் தருமபுரி வண்டி இருக்கிறது, உட்கார இடம் கிடைக்கும் என்றாள். வாசல் வரைக்கும் வந்தாள். மாசியில் ஒருமுறை வரட்டுமா, இன்னும் காய் இருக்கிறது என்று கேட்டேன்.

“போன் பண்ணிட்டு வாங்க மாமா” என்றாள்.